அவர் யார் பக்கத்து மாமா?

பேய் உண்டு. என்னை எந்தக் கூண்டில் ஏற்றிக் கேட்டாலும் நெஞ்சில் கை வைத்துச் சொல்வேன்.

நான் பார்த்ததில்லை, அது வேறு விஷயம். பார்த்தவன் என் கூட்டாளி, என்னோடு லிஃப்ட் மெக்கானிக்காக இருப்பவன். அவனும் முழுசாகப் பார்த்தான் என்று சொல்ல முடியாது. பேய் வீட்டைச் சுற்றி வந்த நேரம் பூராவும் அவன் சமையலறையில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பவர்கள் சிரிக்கலாம். கரண்ட் வர நேரமாகும். ஏழாவது மாடி, இறங்கவும் முடியாது. கரண்ட் இல்லாத லிஃப்டை ரிப்பேர் பண்ண என்னாலும் முடியாது, என்னைப் படைத்தவனாலும் முடியாது. அந்த செல்போன் டார்ச்சை அணையுங்கள், பாட்டரி மிச்சமாகட்டும். அட்டைப்பெட்டிகளைத் தள்ளிவிட்டு நெருங்கி உட்காருங்கள். புது வீடு வாங்கி நம்மையெல்லாம் கூப்பிட்டவர் நடுவில் இருக்கட்டும்... இல்லை, சுவரில் சாய வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூணே கால். ஊர் முடிந்த பிறகும் இரண்டு கிலோமீட்டர் போகிற ரோடு. பாதி தார், பாதி ஜல்லி. விளக்குக் கம்பம் நட்டிருக்கிறது, விளக்கு கிடையாது. பட்டப்பகல்தான்... ஆனால் எதிரில் ஒரு வண்டி இல்லை. ஒரு குருவிச் சத்தம் இல்லை. காரில் என் கூட்டாளி, அவன் மனைவி, பின்சீட்டில் மாமியார்.

மாமியார் முப்பது வருஷம் பெண்கள் ஹாஸ்டலில் வார்டன். எங்கே போனாலும் தலை எண்ணுவார். கதவு என்று ஒன்றைப் பார்த்தால் மூன்று தட்டு... ஒரு இடைவெளி... இன்னொரு தட்டு. அந்த நாலாவது தட்டுக்குள் திறந்துவிட்டு, அந்தக் காலத்தில் இருநூறு பெண்கள் விறைத்து நிற்பார்கள். பெற்ற பெண்கள் இரண்டு பேரும் இன்னும் நிற்கிறார்கள்.

போகிற இடம் மூத்த பெண்ணின் புது வீடு. கூட்டாளிக்குச் சகலை வீடு. முதல் விருந்து.

சகலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குழாய், ஷவர், வாஷ்பேசின் விற்கிற கம்பெனியில் மண்டல மேலாளர். பேரைக் கேட்டால் பேர் வராது, 'மண்டல மேலாளர்' என்றுதான் வரும். அதனால் முதுகுக்குப் பின்னால் குடும்பம் அவருக்கு வைத்த பேர் மண்டலம். உயரம் அஞ்சடி எட்டு. அதுவும் அவர் சொன்னதுதான், யாரும் கேட்காமலே. வீட்டுக்குள்ளேயும் நாலு விரல் கனத்துக்கு அடிப்பாகம் வைத்த செருப்பு. "முதுகு வலிக்கு டாக்டர் போடச் சொன்னது," என்பார்.

ஒன்றரை வருஷமாக வீடு கட்டினார். மாற்றலாகி அவர் முன்னாடியே வந்துவிட்டார், மனைவி பழைய ஊரிலேயே இருந்தாள். முடிந்த பிறகு காட்டினால்தான் சர்ப்ரைஸ் என்று ஒரு தடவைகூட அழைத்துவரவில்லை. செங்கல் குவியல், கம்பி, சாரம்... போட்டோ போட்டோவாகக் குடும்ப குரூப்பில் வந்து விழும். கீழே ஒரு வரி: 'ஒவ்வொரு கல்லும் என் கண் முன்னாடி வச்சது.' மாமியார் மட்டும் ஒரு தடவை, "மாப்பிள்ளை, போன வாரம் வடக்கே பார்த்த வாசல் இந்த வாரம் தெற்கே பாக்குதே?" என்று கேட்டார். பதிலுக்குக் கட்டைவிரல் ஒன்று வந்தது.

உள்ளே நுழைந்ததும் பெயிண்ட் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று... இழைத்த மரத்தூளும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த வாடை.

"புது வீட்டுக்கு எதுக்கு மாப்பிள்ளை இவ்வளவு பழைய வாடை?"

"இம்போர்ட்டட் பெயிண்ட் அத்தை. அப்படித்தான் இருக்கும்."

நாற்பது பேருக்கு விருந்து. இரண்டு பக்கத்துச் சொந்தம், ஆபீஸ் ஆட்கள், அவருடைய மேலதிகாரியும் மனைவியும். உள்ளபடி பார்த்தால் விருந்து மேலதிகாரிக்கு, மற்றவர்கள் அலங்காரம். சின்னச் சகலை லிஃப்ட் மெக்கானிக் என்று மேலதிகாரிக்குத் தெரிய வேண்டாம் என்பதற்காக, "தம்பி, அந்த ஐஸைக் கொஞ்சம் பாத்துக்கறீங்களா? உங்க கை பலமான கை," என்று பாராட்டிச் சமையலறைக்கு அனுப்பிவிட்டார்.

ஹாலில், மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சுவரில், ஆளுயரத்துக்கு ஒரு போட்டோ. மண்டலம் கம்பெனி விருது வாங்குகிறார். விருது கொடுப்பவர் கழுத்தோடு வெட்டப்பட்டிருந்தார். உயரமான மனிதர் போலிருக்கிறது.

அந்த இன்னொருவர் எப்போது வந்தார் என்று யாருக்கும் தெரியாது.

எழுபது வயசு இருக்கும். அரைக்கை வெள்ளைச் சட்டை. சட்டைப்பையில் மடக்குகிற மர அளவுகோல், காதில் பென்சில். பேச்சு மெதுவாக, பக்கத்தில் போனால்தான் கேட்கும்.

மண்டலம் பார்த்தார். மனைவி வழிப் பெரியப்பா யாரோ என்று நினைத்தார். கல்யாணத்தில் கவனிக்காமல் விட்டிருப்போம், இப்போது போய் 'நீங்க யாரு' என்று கேட்டால் பத்து வருஷத்துக்கு நாறும். "வாங்க வாங்க! எவ்வளவு நாளாச்சு பாத்து!" என்று ஓடிப்போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார். கை ஜில்லென்று இருந்ததாம். ஐஸ் எடுத்த கை போல என்று நினைத்துக்கொண்டார்.

அவர் மனைவியும் பார்த்தாள். மாமனார் வழி மாமா. இவரைக் கவனிக்காமல் விட்டால் நாத்தனார் சொல்லிச் சொல்லிக் காட்டுவாள். "சாப்பிட்டீங்களா மாமா? வீடு பிடிச்சிருக்கா?"

"என் கையால செஞ்ச மாதிரியே இருக்கும்மா," என்றாராம்.

இப்படி இந்தப் பக்கம் அந்தப் பக்கத்து ஆள் என்றும், அந்தப் பக்கம் இந்தப் பக்கத்து ஆள் என்றும் விழுந்து விழுந்து கவனித்தார்கள். சொந்தப் பெரியப்பாவுக்குக் கிடைக்காத மரியாதை. இரண்டு பேர் எழுந்து நாற்காலி கொடுத்தார்கள். அவர் உட்காரவில்லை. "வாங்க, வீட்டைக் காட்டறேன்," என்று ஏழெட்டுப் பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மண்டலம் காட்டினால் 'இந்த டைல்ஸ் கப்பலில் வந்தது' என்கிற மாதிரி இருக்கும். இவர் காட்டியது வேறு மாதிரி. சுவரை விரல் கணுவால் தட்டுவார். டொக்... டொக். "இது செங்கல்." நாலடி தள்ளி, டொக்... டொக். "இதுக்குள்ள மரச் சட்டம். மழைக்காலத்துல முனகும். பயப்படாதீங்க." மாடிப்படியில் நின்று, "ஏழாவது படி அரை அங்குலம் தாழ்வு. வேணும்னுதான் வச்சது. கால் வைக்கிற சத்தத்துலயே ஆளைத் தெரிஞ்சுக்கலாம்." சமையலறைக்கு வந்து மேல் அலமாரியைக் காட்டி, "இது வீட்டுக்காரர் கைக்கு எட்டாது."

எல்லோரும் சிரித்தார்கள். வாசலில் நின்ற மண்டலமும் சிரித்தார். குளிர்ப்பெட்டிக்குப் பின்னால் ஒரு முக்காலி ஒளிந்திருப்பது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

கூட்டாளி பார்த்தது இவ்வளவுதான். ஐஸ் பெட்டிக்குள் தலையை விட்டிருந்தவன் நிமிர்ந்தபோது, வெளியே போகிற ஒரு வெள்ளை முதுகு. போன வழியில், துடைத்து வைத்த தரையில், சிட்டிகை சிட்டிகையாக மரத்தூள்.

ஹாலில் மாமியார் தலை எண்ணிக்கொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, எத்தனை பேரைக் கூப்பிட்டீங்க?"

"நாப்பது அத்தை. எங்களையெல்லாம் சேர்த்து."

"நாப்பத்தொண்ணு இருக்கு."

"கேக் கொண்டுவந்த ஆளா இருக்கும்."

"அவன் அப்பவே போயிட்டான். அவனை விட்டுட்டுத்தான் சொல்றேன்."

மண்டலம் மேலதிகாரியைப் பார்த்துச் சிரித்துவிட்டு நைசாக நகர்ந்தார்.

"அப்ப நானே போய்க் கேக்கறேன்," என்று மாமியார் எழுந்தார். அந்தக் கூட்டத்தில் ஒரு மனிதரைப் பார்த்து 'நீங்க யாரு' என்று கேட்கிற தைரியம் அவர் ஒருத்தருக்குத்தான் இருந்தது. அவர் அந்த ஆளோடு பேசிக்கொண்டே மாடிப்படிப் பக்கம் போனதைப் பத்துப் பேர் பார்த்தார்கள்.

திரும்பி வந்ததை ஒருத்தரும் பார்க்கவில்லை.

நாலரை மணி. கேக் வெட்ட வேண்டும். மாமியாரைக் காணோம். மாடியில் இல்லை. மொட்டைமாடியில் இல்லை. தோட்டத்தில் இல்லை. போனில் கூப்பிட்டார்கள். அது நாற்காலி மேல் இருந்த கைப்பைக்குள் அடித்தது. இளையவள் பையைத் திறந்தாள்... முகம் மாறியது. மாமியாருக்கு மூச்சிரைப்பு உண்டு. வாயில் வைத்து இழுக்கிற மருந்தும் பையிலேயே இருந்தது.

"உங்க மாமா கூடத்தான் போனாங்க. அவரைக் கேளுங்க," என்றாள் மூத்தவள், மண்டலத்திடம்.

"எந்த மாமா? அவர் உங்க பெரியப்பா இல்ல?"

"எங்க பெரியப்பா போய்ச் சேர்ந்து ஒன்பது வருஷமாச்சு. லீவு கிடைக்கலைன்னு நீங்கதான் வரலை."

இரண்டு பக்கமும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டது.

அப்போது...

டொக் டொக் டொக். ... டொக்.

ஹாலில் பேச்சு நின்றது. சத்தம் வந்தது அந்தப் பெரிய போட்டோவுக்குப் பின்னால். சுவருக்கு உள்ளே.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல!" மண்டலம் கையைத் தூக்கினார். "குழாய்ல காத்து அடைச்சிருக்கு. அழுத்தம் மாறினா குழாய் சுவத்துல மோதும். இதுக்குன்னே நம்ம கம்பெனில ஒரு வால்வு இருக்கு சார், போன வருஷம் நான்தான்..." மேலதிகாரிக்கு வால்வை விளக்க ஆரம்பித்துவிட்டார்.

டொக் டொக் டொக். ... டொக்.

பெண்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் விறைத்து நின்றார்கள். நிற்க வேண்டும் என்று நினைத்து நிற்கவில்லை, சின்ன வயசுப் பழக்கம்.

"அம்மா," என்றாள் மூத்தவள்.

"உங்கம்மா எப்படி சுவத்துக்குள்ள போவாங்க? ஒன்பது அங்குலச் செங்கல் சுவர். ஒவ்வொரு கல்லும் என் கண் முன்னாடி..."

கூட்டாளி சமையலறையிலிருந்து ஐஸ் உடைக்கிற சுத்தியலோடு வந்தான். போட்டோவை இறக்கித் தரையில் வைத்தான். சுவரில் காதை வைத்தான்.

"அண்ணே, பதினஞ்சு வருஷமா நான் லிஃப்டுக்குள்ள மாட்டிக்கிட்டவங்க தட்டுறதைத்தான் கேக்கறேன். குழாய் அது பாட்டுக்குத் தட்டும். ஆள் தட்டினா நடுவுல நிறுத்தி, பதில் வருதான்னு பார்க்கும். இது நிறுத்துது."

"தம்பி, குழாய் விஷயத்தை எங்கிட்ட விடுங்க. நீங்க லிஃப்டைப் பாருங்க." சொன்ன பிறகுதான் மேலதிகாரி பக்கத்தில் நிற்பது அவருக்கு ஞாபகம் வந்தது.

லிஃப்டில் ஆள் மாட்டினால் நாங்கள் முதலில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. பயப்படாதீங்க என்று சொன்ன கையோடு அதைக் கேட்டுவிடுவோம். காற்று எத்தனை பேருக்கு வேண்டும் என்று தெரிய வேண்டுமே. கூட்டாளி சுவரோடு வாயை வைத்து அதைக் கேட்டான்.

"பயப்படாதீங்க அத்தை. உள்ள எத்தனை பேர் இருக்கீங்க? ஒரு ஆளுக்கு ஒரு தட்டு தட்டுங்க."

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

டொக்.

அவன் மூச்சை விட்டான். அப்பாடா, ஒரு ஆள். அத்தை மட்டும்தான்.

அப்புறம்... அதே சுவரில்... அவன் தலைக்கு நேர் மேலே, மிக மெதுவாக...

டொக்.

யாரப்பா என் கையைப் பிடிக்கிறது? விடு. வலிக்கிறது.

மூத்தவள் புருஷனைப் பார்த்துத் திரும்பினாள். "என்னங்க, இதுக்குப் பின்னாடி என்ன இருக்கு?"

"சுவர்தான்."

"சுவருக்குப் பின்னாடி?"

மண்டலம் இறக்கி வைத்த தன் போட்டோவைப் பார்த்தார். நாற்பது பேர் பார்க்கிறார்கள். மேலதிகாரி பார்க்கிறார். உள்ளே தட்டு மெலிந்துகொண்டே வந்தது. மூன்று தட்டு இரண்டாயிற்று. நடுவில் இடைவெளி நீண்டது. இளையவள் மருந்தைக் கையில் பிடித்துக்கொண்டு அழுகிறாள். ஒரு மனிதர் அவ்வளவு நேரம் யோசித்துத் தான் பார்த்ததே இல்லை என்கிறான் கூட்டாளி.

"ஒரு ரூம் இருக்கு," என்றார் கடைசியில். யாருக்கும் கேட்கவில்லை.

"சத்தமாச் சொல்லுங்க!"

"ரூம் இருக்கு! படிக்குக் கீழ. பலகை வச்சு அடைச்சேன். வீடு நான் கட்டலை. பழைய வீடு. வாங்கி பெயிண்ட் அடிச்சேன்... போட்டோ எல்லாம் வேற வேற வீடு."

அந்த அறையின் சுவரில் ஏழு பென்சில் கோடுகள் இருந்தனவாம், பிள்ளைகளின் உயரத்தைக் குறித்து வைப்போமே, அது மாதிரி. மூன்று தடவை பெயிண்ட் அடித்தும் கோடு பெயிண்டை மீறித் தெரிந்துகொண்டே இருந்திருக்கிறது. அடைத்துவிட்டு மேலே தன் போட்டோவை மாட்டிவிட்டார்.

ஒன்பது அங்குலச் செங்கல் என்றது அரை அங்குலப் பலகை. கூட்டாளியின் மூன்றாவது அடியில் உள்ளே போயிற்று. மரத்தூள் வாடை முகத்தில் அடித்தது.

மாமியார் தரையில் முழங்காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதடு நீலம். மருந்தை வாயில் வைத்தார்கள். இரண்டு இழுப்பு... மூன்று... நெஞ்சு மெதுவாக இறங்கியது. அவர் ஒருத்தர்தான். வேறு வாசல் இல்லை, ஜன்னல் இல்லை.

"எப்படிம்மா உள்ள போனே?"

"கதவைத் திறந்தார். போனேன்."

"என்ன கதவு?"

"கதவு மாதிரி கதவுடி!" அந்த மூச்சிலும் வார்டன் வார்டன்தான். பிறகு மண்டலத்தைப் பார்த்தார். "அவர்தான் இந்த வீட்டைக் கட்டினவர் மாப்பிள்ளை. நீங்க யாருன்னு கேட்டேன், பளிச்சுன்னு சொல்லிட்டார். உங்களை மாதிரி சுத்தி வளைக்கலை."

கூட்டாளி டார்ச் அடித்தான். பிள்ளைகளின் உயரமாகத் தெரியவில்லை. ஒரு கோடுகூட அஞ்சடிக்குக் கீழே இல்லை. ஒவ்வொன்றின் பக்கத்திலும் அளவு, அதன் பக்கத்தில் ஒரு சின்ன டிக். ஏழு டிக். இதற்கு முன்னால் அந்த வீடு எத்தனை பேர் கை மாறியது என்று பிறகு பத்திரத்தை எடுத்துப் பார்த்தார்கள். ஏழு. அவர்கள் எல்லாம் எங்கே போனார்கள் என்று பத்திரத்தில் போடுவதில்லை.

கோடுகள் எட்டு இருந்தன.

எட்டாவது புதுசு. கீழே தரையில் பென்சில் பொடி உதிர்ந்திருந்தது. அஞ்சடி நாலரை. டிக் இல்லை.

"அது உங்களோடது மாப்பிள்ளை," என்றார் மாமியார். "வீட்டுக்காரர் உயரம் என்னன்னு கேட்டார். அஞ்சடி எட்டுன்னேன், நீங்க அப்படித்தானே சொல்வீங்க. சிரிச்சார். 'கை குடுக்கும்போதே பாத்துட்டேம்மா'ன்னு சொல்லிக் கோடு போட்டார். அப்புறம், 'நான் யாரையும் இழுத்துட்டு வர்றதில்ல'ன்னார்... அவங்க..." இருமல் வந்துவிட்டது. மறுபடி மருந்து.

"அது நான் இல்ல!" என்றார் மண்டலம். "நான் அஞ்சடி எட்டு. இது அஞ்சடி நாலரை. வேற யாரோ!"

அந்தக் குடும்பத்தில் முதல் தடவையாக, அவர் சொல்வது உண்மையாக இருக்க வேண்டுமே என்று எல்லோரும் ஆசைப்பட்டார்கள்.

"நிரூபிச்சுக் காட்டறேன்," என்று உடைந்த பலகைக்குள் நுழைந்து, கோட்டில் முதுகைச் சாய்த்து நின்றார். தலை கோட்டுக்கு மேலே நன்றாகத் தெரிந்தது. மூன்று அங்குலம். "பாத்தீங்களா சார்? பாத்தீங்களா?" மேலதிகாரியே கை தட்டினார்.

அத்தோடு விட்டிருக்கலாம். மூத்தவள் குனிந்து அவர் காலைப் பார்த்தாள்.

"செருப்பைக் கழட்டிட்டு நில்லுங்க."

மாமியார் வாயில் மருந்தோடு கையை ஆட்டினார். தண்ணீர் கேட்கிறார் என்று நினைத்து இளையவள் ஓடினாள். மண்டலம் ஒரு செருப்பைக் கழற்றினார். இன்னொன்றையும் கழற்றினார். குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றார். மூத்தவள் அவர் தோளைப் பிடித்து அழுத்திக் கீழே இறக்கி, ஒரு கேக் தட்டைத் தலைமேல் மட்டமாக வைத்தாள்.

அப்போது அவர் காதோரம் ஒரு சத்தம். பென்சில் காகிதத்தில் ஓடுகிற மாதிரி... சரக். அவ்வளவுதான்.

அவர் விலகினார். கூட்டாளி டார்ச் அடித்தான். எட்டாவது கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு டிக். பொடி இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது.

மாமியாருக்கு அப்போதுதான் பேச்சு வந்தது.

"'...அவங்களே வந்து நிப்பாங்க'ன்னார் மாப்பிள்ளை. அதைத்தான் சொல்ல வந்தேன்."

அப்புறம் மண்டலத்துக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்காதீர்கள். கூட்டாளியைக் கேட்டால் பேச்சை மாற்றுகிறான். அந்தக் குடும்பத்தில் இப்போது எல்லோருக்கும் நிச்சயமாகத் தெரிந்த விஷயம் ஒன்றே ஒன்றுதான். மண்டலத்தின் உயரம் அஞ்சடி நாலரை அங்குலம்.